பசி என்று நினைத்தேன்

2023 வைகாசியில், காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு எரிந்துகொண்டிருந்த கிழமை, எங்கள் பின்வளவில் பதினொரு மிளகாய்ச் சாக்குகளிலும் குருத்து மஞ்சளாகிப் போனது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர் முன்முற்றத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு சாக்குக்கும் இரண்டு சிரட்டை அடுப்புச் சாம்பல் போட்டேன். அதற்கு முதல் கிழமைதான் கோழி எருவும் போட்டிருந்தேன். கன்றுகள் இன்னும் வெளிறின. நான் இன்னும் போட்டேன். பூச்சியுமில்லை, சோளகக் காற்றுமில்லை. அந்தப் பதினொரு கன்றையும் கொன்றது என் கைதான்.

காணி இருக்கிற ஊரில் ஏன் சாக்கில் பயிர் என்று கேட்கிறவர்கள் உண்டு. முள்ளியவளையில் எங்கள் வீடு நின்ற இடத்துக்கு, போர் முடிந்து மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது, சுவர் நின்ற அடையாளம் மட்டும்தான் கிடந்தது. புது வீட்டைப் பக்கத்தில் கட்டினோம். மீதி வளவில் மண்வெட்டி போட்டால் கல்லும் ஓடும் சீமெந்துக் கட்டியும்தான் கிளம்பும். கொத்திக் கொத்திக் கை காய்த்துப்போய், தோட்டம் செய்கிற எண்ணத்தை விட்டிருந்தேன்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தது. அந்த நவம்பரில் தடையை எடுத்தபோதும் உரம் கைக்கு எட்டவில்லை. அடுத்த வருடம் ஒரு மூடை யூரியா பல பத்தாயிரம் ரூபாவுக்குப் போனது. மரக்கறி விலையும் கூடவே ஏறியது. அண்ணாவின் வயல் கொட்டிலில் வெறும் உரப்பைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. தடை வந்த வருடமே அவற்றைக் கொண்டுவந்து, வாயைப் பாதிக்கு மடித்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பினேன். அப்பாவோடு வயலுக்குப் போய் வளர்ந்தவள் நான். எங்களுக்கு உரம் என்றால் யூரியா. நூறு கிலோவில் நாற்பத்தாறு கிலோ நைதரசன். எறிந்தால் ஒரு கிழமைக்குள் வயல் கரும்பச்சையாகிவிடும். அந்த வேகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் சேதனப் பசளைக்கு வந்தேன்.

முதல் தரம் வைக்கோலை வெட்டிப் போட்டு, பச்சைச் சாணத்தையும் கொட்டி, மண்ணோடு நன்றாகக் கிண்டிக் கலந்தேன். கத்தரியும் வெண்டியும் வெளிறிப்போய் ஒரு சாண் உயரத்தோடு நின்றுவிட்டன. வைக்கோலில் ஒரு பங்கு நைதரசனுக்கு அறுபது பங்குக்கு மேல் காபன் இருக்கிறது. அதை உக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு ஏறக்குறைய இருபத்தைந்துக்கு ஒன்று என்ற அளவில் வேண்டும். குறைகிற நைதரசனை அவை சுற்றியுள்ள மண்ணில் இருந்து எடுத்துக்கொள்ளும். உக்கி முடியும்வரை கன்றுக்கு மிஞ்சாது. அதே வைக்கோலை மண்ணுக்கு மேலே பரப்பிவிட்டால் இந்த இழுபறி மேல்தோலோடு நின்றுவிடும், வேருக்குப் போகாது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது செய்தது வேறு: கன்று வளராமல் நின்ற ஒவ்வொரு தரமும் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டி, கட்டி உடைத்து, சாணம் கலந்து, திரும்ப நிரப்பினேன். மூன்று தரம் அப்படிச் செய்த மண் தூளாகிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் முதலில் மேலே குளமாக நிற்கும், பிறகு ஓரத்தால் வழிந்து ஓடும், நடுமண் காய்ந்தபடியே கிடக்கும்.

நான்காம் தரம் கொட்டப் போனபோது அம்மா படியில் இருந்தபடி, "ஏன் பிள்ளை உதைக் கிண்டிக்கொண்டே இருக்கிறாய்?" என்றார்.

அம்மா பிறந்தது நீர்வேலியில். அங்கே தோட்டக்காரர் காவிளாயையும் பூவரசங்குழையையும் பனையோலையையும் கிடங்கு வெட்டித் தாழ்ப்பார்கள். மாட்டுக்குப் போட்டு மிஞ்சின குழையும் வீணாய்ப் போகாது. நான் அதைச் சொல்லி, "நீங்களும் கொத்தித்தானே தாழ்த்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"அது தோட்டம். ஒரு சாக்கு மண்ணுக்குள்ள என்னத்தைத் தாழ்க்கப்போறாய்? மேலே போட்டுவிடு. புழு இழுத்துக்கொண்டு போகும்."

புழு இலையை எப்படி இழுத்துக்கொண்டு போகிறது என்பதைச் சார்ள்ஸ் டார்வின் வருடக்கணக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். 1881இல் வந்த அவருடைய மண்புழுப் புத்தகத்தில் அதற்குப் பல பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். அம்மா புத்தகம் படித்தவரில்லை. வளவில் பார்த்ததைச் சொன்னார்.

அன்றிலிருந்து சாக்கைக் கவிழ்ப்பதை விட்டேன். காய்த்து ஓய்ந்த கன்றைப் பிடுங்காமல், மண்மட்டத்தில் கத்தியால் வெட்டுவேன். வேர் உள்ளேயே உக்கும். உக்கின இடம் வெறும் குழாயாக நிற்கும், அடுத்த கன்றின் வேரும் தண்ணீரும் அதன் வழியே இறங்கும். பங்கசுகளின் வெள்ளை நூல் அறுபடாமல் இருக்கும். பழைய தண்டுக்கு ஒரு சாண் தள்ளிப் புதிய கன்று. மேலே இரண்டு விரல் தடிப்புக்கு உக்கிய கூட்டெரு, அதற்கு மேல் வேலியில் வெட்டின கிளிசரியாக் குழை, அதற்கும் மேல் சருகு. கிளிசரியா இலை எங்களுக்குக் கிடைத்த யூரியா என்றே சொல்லுவேன். காய்ந்த இலையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு நைதரசன் இருக்கிறது, இரண்டு மூன்று கிழமையில் நரம்பு மட்டும் மிஞ்சும்.

சாக்கு நிலத்தைப் போல இல்லை என்பதையும் அந்த வருடம்தான் கண்டேன். எங்கள் வெயிலில் சேதனப் பொருள் வேகமாக எரிந்துபோகும். நிரப்பின மண் ஒரு வருடத்தில் நாலு விரல் தாழ்ந்துவிடும். தாழ்ந்த அளவுக்கு மேலே போட்டு நிரப்பத்தான் வேண்டும். மாரியில் அடி ஓட்டையால் தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் வடிந்தது. அது கரைந்த நைதரசனும் பொற்றாசியமும் கூடப் போகிற தண்ணீர் என்று தெரிந்தபிறகு, சாக்குகளை மேட்டுப்பக்கம் வைத்து, வடிகிற இடத்தில் வாழை நட்டேன். அப்படியே 2022 முழுக்க, கடையில் ஒன்றும் வாங்க ஏலாத மாதங்களில், பயிற்றங்காயும் கீரையும் கத்தரிக்காயும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன்.

அந்தத் துணிவில்தான் ஐப்பசியில் புதிதாகப் பதினொரு சாக்கு நிரப்பினேன். மண் போதவில்லை. கிணற்றடிக்குப் பக்கத்தில், பழைய வீடு நின்ற மூலையில் அள்ளினேன். பெரிய கல்லைப் பொறுக்கி எறிந்தேன், சிறியதை விட்டுவிட்டேன்.

அந்த வைகாசியில் மஞ்சள் வந்தபோது விவசாயப் போதனாசிரியராக வேலை பார்க்கிற ஒரு பிள்ளை வந்து பார்த்தது. கன்றைத் தொடவில்லை, முதலில் குனிந்து பார்த்தது.

"அன்ரி, கீழ் இலை பச்சையாத்தானே இருக்கு?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அடியில் இருந்த பழைய இலைகள் பச்சை. மஞ்சள் எல்லாம் குருத்தில். அதுவும் நரம்பு பச்சையாகவே நிற்க, நடுவில் மட்டும் மஞ்சள், வலை விரித்த மாதிரி.

நைதரசன் குறைந்தால் கன்று பழைய இலையில் இருப்பதை உருவிக் குருத்துக்குக் கொடுக்கும். ஆகவே மஞ்சள் கீழே தொடங்கும். இரும்பை அப்படி உருவி மேலே அனுப்பக் கன்றால் முடியாது. குறைந்தால் குருத்துத்தான் முதலில் காட்டும். "இரும்பு மண்ணுக்குள்ள இருக்கும் அன்ரி, காரம் கூடினால் வேரால எடுக்க ஏலாது. சாம்பல் போட்டனீங்களோ?"

போட்டேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சாம்பலே காரம். எருவோடு சேர்த்துப் போட்டால் எருவில் இருக்கிற நைதரசனும் அமோனியாவாகப் பறந்துவிடும். அந்த நாட்களில் சாக்குக்குப் பக்கத்தில் போனால் மூக்கில் அடித்த நெடி அதுதான்.

அந்தப் பிள்ளை வீட்டுக்குள் இருந்து வினாகிரி கேட்டு வாங்கியது. ஒரு சாக்கின் ஓரத்தைக் கிளறி, கொட்டைப்பாக்களவில் ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து இரண்டு துளி விட்டது. நுரைத்தது. சின்னச் சத்தத்தோடு பொங்கி, கட்டியைச் சுற்றி வெள்ளையாக நின்றது. சுண்ணாம்பு. கட்டியின் மறுபக்கத்தில் மெல்லிய நீலம் ஒட்டியிருந்தது. எங்கள் சாமியறைச் சுவரின் நீலம். கலியாணம் முடித்து வந்த வருடம் நானும் அவரும் அடித்த நிறம்.

அந்த மண்ணிலேயே சாந்தின் காரம் இருந்தது. நான் அதற்கு மேலே சாம்பலைக் கொட்டியிருக்கிறேன். போதாதற்குக் கோழி எருவின் உப்பு வேறு. சாக்கு விளிம்பில் வெண்மையாகப் படிந்திருந்ததை நான் கண்டும் கணக்கெடுக்கவில்லை.

ஏன் அப்படிக் கண்மூடிப் போட்டேன் என்று அன்றிரவு நித்திரையில்லாமல் யோசித்தேன். 2009இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். சிரட்டையில் வாங்கின கஞ்சியை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தவள். வாடின முகத்தைக் கண்டால் எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றும். பிள்ளைகள் பெரிதாகின பிறகும் தட்டில் அள்ளி வைப்பேன். "காணும் அம்மா" என்று அவர்கள் கையால் மறைப்பார்கள். வெளிறின கன்றையும் நான் அந்தக் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். கன்று கையால் மறைக்கவில்லை.

அந்தப் பதினொரு சாக்கையும் மட்டும் கவிழ்க்க வேண்டியதாகிப் போனது. கவிழ்ப்பதில்லை என்ற முடிவை அன்று விட்டேன். சாந்து கலந்த மண்ணை மேலே எரு போட்டு மட்டும் சரிப்படுத்த ஏலாது. கொட்டினதை வேலியோரம் பரப்பி முருங்கை வைத்தேன். அது காரத்தைத் தாங்கும். புது மண் வயற்கரையில் இருந்து வந்தது. ஒவ்வொரு கூடையிலும் ஒரு பிடி எடுத்து வினாகிரி விட்டுப் பார்த்துத்தான் நிரப்பினேன். நீலக் கட்டியைச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

இப்போது சாம்பலை வருடத்துக்கு ஒருக்கால், அதுவும் வாழையடியில் மட்டும் தூவுகிறேன். கோழி எரு மூன்று மாதம் குவித்து வைத்து உக்கின பிறகே சாக்குக்கு வரும். மஞ்சள் கண்டால் மூன்று நாள் ஒன்றும் போடமாட்டேன். விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்ப்பேன், விளிம்பில் உப்புப் படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த மூன்று நாளும் எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, "அன்ரி, எங்கட மிளகாய் மஞ்சளாப் போச்சு, என்னத்தைப் போடுறது?" என்று கேட்டாள். நான் சாக்கை விட்டு எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு அவளோடு நடந்தேன்.

"மேலேயோ, கீழேயோ?" என்று கேட்டேன்.