பொம்மைக்கு எந்த நிறம்?

அப்பாவின் பழைய காரை விற்கப் போன அன்றுதான் நிறத்துக்கும் விலை உண்டு என்று தெரிந்துகொண்டேன். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கார் இளம்பச்சை. "வெள்ளையா இருந்தா இப்பவே எடுத்துக்குவேன் தம்பி" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் விலையைக் குறைத்தார்.

அதே பாடத்தை மறுபடி படித்தது நான் எதிர்பாராத இடத்தில். அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில், ஒரு துப்பாக்கிக் கடையில்.

பெரியம்மா மகள் அங்கே குடியேறிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. விடுமுறைக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு திருட்டு நடந்ததிலிருந்து, கைத்துப்பாக்கி வாங்குவது என்று அத்தான் முடிவு செய்திருந்தார். அக்காவுக்கு அதில் விருப்பமில்லை. "வா மச்சான், சும்மா பாத்துட்டு வருவோம்" என்று அத்தான் என்னை அழைத்துப் போனார். ஈப்போவில் நகைக்கடைக் காவலர் கையில் துப்பாக்கியைப் பார்த்தாலே இரண்டடி தள்ளி நடக்கிறவன் நான். அங்கோ கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கடிகாரங்களைப் போல வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

விற்பனையாளர் முதலில் காட்டியது ஒரு பழைய ரிவால்வர். கருநீலமாக மின்னியது. அது பெயின்ட் இல்லையாம். எஃகின் மேற்பரப்பையே இரசாயன முறையில் ஆக்சைடாக மாற்றுவதால் வரும் நிறம். கண்ணாடி போன்ற பளபளப்பு, அதற்கு முன்பு எஃகைத் தேய்த்து மெருகிட்ட கையின் வேலை. 1955-இல் வெளிவந்த 'கோல்ட் பைத்தான்' இந்த நீலத்துக்காகவே பேர் வாங்கியது. மெருகு கெடாத பழைய பைத்தான் இன்று சில ஆயிரம் டாலர் போகும். மங்கிவிட்டதே என்று புதிதாக மெருகேற்றினால், சேகரிப்பவர்களிடம் விலை ஏறாது, இறங்கிவிடும்.

நீலத்துக்கு ஒரு பலவீனம், வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். அதனால்தான் நிக்கல் முலாம் வந்தது. 1965-இல் 'ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்' துருவேறாத எஃகில் ரிவால்வர் செய்தது. 1980-களில் 'கிளாக்' பிளாஸ்டிக் உடலோடு, கறுப்பாக வந்தது. அழகு என்று சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் உலகமெங்கும் விற்றது. 2017-இல் அமெரிக்க இராணுவம் மணல் பழுப்பு நிறத்தில் ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்ததும், சாதாரண மக்களும் அதே பழுப்பைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

இப்போது 'செராகோட்' எனும் பீங்கான் கலந்த பூச்சு வந்துவிட்டது. எந்த நிறமும் கிடைக்கும். அத்தான் கையில் எடுத்தது ஊதா. பக்கத்தில் அதே ரகம் கறுப்பில் இருந்தது. உள்ளே இருக்கும் பொறி ஒன்றுதான். ஊதாவுக்கு மட்டும் கூடுதல் விலை.

"உங்க அக்காவுக்குப் பிடிச்ச கலர். கறுப்பைப் பாத்தாத்தானே பயப்படுறா?"

வானொலியில் நாளெல்லாம் விளம்பரம் வாசிக்கிறவன் நான். கண்ணுக்குத் தெரியாத நிறத்தைக் குரலால் பூசி விற்பதுதான் என் தொழில். அதனால் அந்த ஊதா என்ன வேலை செய்கிறது என்று உடனே புரிந்தது. துப்பாக்கி துப்பாக்கியாகத் தெரியாமல் இருக்கத்தான் அந்தக் கூடுதல் பணம்.

அன்று காலையில்தான் அக்காவின் ஐந்து வயது மகன் என்னைச் சட்டை நனைய நனைய விரட்டியிருந்தான்.

"அத்தான், தம்பியோட தண்ணித் துப்பாக்கி என்ன கலர்?"

அவர் பதில் சொல்லவில்லை. கையில் இருந்ததை மெதுவாகக் கண்ணாடி மேல் வைத்தார்.

அன்றிரவு தேடிப் படித்தேன். பொம்மைத் துப்பாக்கி நிஜம்போல் தெரியக்கூடாது என்று 1988-இலேயே அமெரிக்கா சட்டம் போட்டிருக்கிறது. முனையில் ஆரஞ்சு நிறம் இருக்கவேண்டும். இல்லையென்றால் முழு உடலும் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா போன்ற நிறங்களில் இருக்கலாம். பொம்மைக்கு அடையாளமாக ஒதுக்கிய அதே நிறங்களில் நிஜத் துப்பாக்கியும் கடையில் விற்கிறது.

அத்தான் வாங்காமல் வந்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். வாங்கினார். கறுப்பு. ஊதாவுக்குக் கொடுக்க இருந்த கூடுதல் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு, பூட்டு வைத்த இரும்புப் பெட்டி ஒன்றும் வாங்கினார். கறுப்பாக இருந்தாலும் பிள்ளைகள் கை வைக்கத்தான் செய்வார்கள். பூட்டுதான் தடுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பெட்டியைப் பார்த்தாள். உள்ளே இருப்பது என்ன நிறம் என்று அவள் கேட்கவில்லை.

"சாவி யாருகிட்ட இருக்கும்?" என்றுதான் கேட்டாள்.