செங்கம் சாலையும் அய்யனார் காடும்

கிருஷ்ணகிரியில் தொடங்கிச் செங்கம் வழியாகத் திருவண்ணாமலையை அடைந்து, செஞ்சியைக் கடந்து திண்டிவனத்தில் முடிகின்ற 77ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஸ்ரீ ரமணாசிரமத்தின் வாயிலை ஒட்டியே செல்கின்றது. பௌர்ணமி இரவுகளில் அதன்மீது வெறுங்காலோடு நடந்து செல்லும் பக்தர்களுக்கு அது கிரிவலப் பாதை. ஊராருக்குச் செங்கம் சாலை. ஆசிரம வாயிலிலிருந்து கிழக்கே திரும்பி, அச்சாலை முடியுமிடம் வரைக்கும் சென்று, அப்பால் திண்டிவனத்திலிருந்து பிரியும் மரக்காணம் சாலையையும் பிடித்துக்கொண்டால், ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் வங்கக்கடல் வந்துவிடுகின்றது. இப்பாதையின் மேற்கே செங்கண்மாவை ஆண்ட நன்னனை மலைபடுகடாம் பாடிற்று. கிழக்கே ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைச் சிறுபாணாற்றுப்படை பாடிற்று. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லும் இலக்கியம் இரண்டு, ஒரே பாதையின் இரு தலைப்பிலும் காவல் நிற்கின்றன என்றால், இதில் கூடாரம் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் யாத்திரை போவதற்கு வேறு சிபாரிசு வேண்டியதில்லை.

ஆசிரமத்துக்கு வரும் அயல்நாட்டு அன்பர்கள் தத்தம் தேசத்துக் காடுகளைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில், ஒலிம்பிக் தீபகற்பத்தின் ஹோ நதிப் பள்ளத்தாக்கில், ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிந்து, மரங்களின் அடி முதல் கிளை வரைக்கும் பாசி போர்த்திக் கிடக்கும் குளிர்நாட்டு மழைக்காடு ஒன்று உண்டு. சனி ஞாயிறுகளில் மக்கள் அங்கே கூடாரமடித்துத் தங்கி, மறுநாள் கடற்கரைக்குப் போய்த் திரும்புவார்களாம். அந்த வர்ணனையில் எனக்குப் பொறாமை எழவில்லை. அத்தனை மழையிலும் மூடுபனியிலும் ஒரு காடு பசுமையாக இருப்பது இயற்கையின் தாராளம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களில் பெரும்பகுதி மழையைப் பெற்றுக்கொண்டு, ஆண்டின் மற்ற மாதங்களை வெயிலோடு கழித்தும் இலையுதிர்க்காத காடு ஒன்று நம்முடைய சோழமண்டலக் கரையில் இருக்கின்றதே, அதைக் காணப் போகிறவர்கள் எத்தனை பேர்? மலையில் மரக்கன்று நடும் பணியில் பல்லாண்டு உழைத்துவரும் நண்பர் ஒருவரோடு, ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வேண்டுமென்றே வெயிற்காலத்தின் கடைசியைத் தேர்ந்துகொண்டு நான் புறப்பட்டது அதன் பொருட்டே.

புறப்படுமுன் அண்ணாமலையையே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். 814 மீட்டர் உயர்ந்த அந்தக் கிரியில், 1899 முதல் விரூபாக்ஷ குகையிலும், 1916 முதல் கந்தாசிரமத்திலும் பகவான் ரமணர் வசித்த காலத்துப் புகைப்படங்களைக் கண்டவர்களுக்கு, பாறையும் புல்லுமாய் மலை எவ்வளவு வெறுமையாய்க் கிடந்தது என்பது தெரியும். 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய மரநடவு முயற்சிகளின் பயனாக, ஆசிரமத்தின் பின்புறத்திலிருந்து கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதை இன்று நிழலுள்ள பாதையாகிவிட்டது. மரம் நடுவோருக்குப் பெரும் பகை மழையின்மையன்று, நெருப்பு: வேனிலில் காய்ந்து நிற்கும் எலுமிச்சைப்புல்லில் ஒரு பொறி விழுந்தால், பத்தாண்டுக் கன்றுகளும் ஓரிரவில் சாம்பலாகும். ஆகவே கோடை வருமுன் புல்லைச் செதுக்கி நெருப்புத் தடுப்புப் பாதை அமைப்பது நடுவதைக் காட்டிலும் பெரிய வேலை. எந்த மரத்தை நடுவது என்று தேடியபோது, இம்மண்ணுக்குரிய மாதிரி, காடு அழிந்துபோன இம்மலையில் கிடைக்கவில்லை. கிழக்கே கரையோரத்துக் கோயிற்காடுகளிலேதான் கிடைத்தது என்று நண்பர் சொன்னார். எங்கள் பிரயாணத்தின் திசை இவ்விதம் விதைகளால் நிர்ணயிக்கப்பட்டது.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டியதும், யாரோ அள்ளிக் குவித்தது போன்ற கருங்கற்பாறைக் குன்றுகள் சாலையின் இருமருங்கிலும் நெருங்கி வருகின்றன. செஞ்சிக்கோட்டை அவற்றின் மகுடம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்த அக்கோட்டையை 1677இல் சிவாஜி கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை மொகலாயச் சேனை அதை முற்றுகையிட்டுக் கிடந்தது. பிரெஞ்சுக்காரர் 1750இலும், ஆங்கிலேயர் 1761இலும் அதை அடைந்தனர். 2025ஆம் ஆண்டில் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுதியில் யுனெஸ்கோ அதனையும் சேர்த்துக்கொண்டது. சரித்திரத்தை எழுதியவர்கள் மதில்களை எண்ணினார்கள். எனக்கோ, மதிலுக்கு வெளியே மேற்கிலும் தெற்கிலும் விரியும் பக்கமலைக் காட்டின் மீதுதான் கண். சங்கராபரணி நதி செஞ்சியின் இம்மலைப் பக்கத்தில் உற்பத்தியாகிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலைச் சேருகின்றது. நாங்கள் சாலையால் செல்லும் திசையிலேயே அது தண்ணீரால் செல்கின்றது.

ரிசர்வ் காட்டினுள் அனுமதியின்றி இரவு தங்கலாகாது. ஆதலால் அடிவாரத்து வேர்க்கடலை நிலம் ஒன்றின் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டோம். வரப்பின் மீது கூடாரத்தை விரிக்க முற்பட்டபோது அப்பெரியவர் ஓடிவந்தார். “அங்க வேணாம் சாமி, அது பூரா எலிவளை. எலி இருந்தா பாம்பு வரும். களத்துல போடுங்க, கல்லு சூடாத்தான் இருக்கும், பாதி ராத்திரிக்கு மேல ஆறிடும்.” அவர் சொன்னபடியே பாறைக்களம் நள்ளிரவு வரை பகல் வெயிலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மேல்காற்று கூடாரத்துணியை விடாமல் அறைந்தது. தூக்கம் குறைவு, ஆனால் விண்மீன்களும், காட்டின் விளிம்பிலிருந்து பக்கிகளின் கூவலும் நிறைந்த அந்த இரவை எந்த விடுதியின் மெத்தைக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மறுநாள் விடியலில் செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஏறினோம். பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரு வரிசையாய் அமர்ந்திருக்க, அருகே, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைக் கூறும் பழங்கல்வெட்டு இருக்கின்றது. இந்தப் பிரதேசத்தின் மலைகள் துறவிகளை அழைக்கத் தொடங்கி எத்தனை நூற்றாண்டுகள்! திண்டிவனத்தில், நல்லியக்கோடனின் கிடங்கில் என்னும் ஊர் இன்று நகரத்தோடு கலந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, நில்லாமல் கிழக்கே திரும்பினோம்.

எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் கருதும் மரக்காணத்தை அணுகும்போது காற்றிலேயே உப்பு வந்துவிடுகின்றது. ஆனி மாதம் உப்பளங்களுக்கு உழைப்புக் காலம். பாத்திகளில் பெண்களும் ஆண்களும் வெயிலைப் பொருட்படுத்தாமல் உப்பு வாரிக்கொண்டிருந்தனர். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரியோ, மாரியில் பூநாரைகளுக்கு இடங்கொடுக்கும் தன் விஸ்தாரத்தையெல்லாம் மாடுகளுக்கு மேய்ச்சலாகக் கொடுத்துவிட்டு வெடித்துக் கிடந்தது. வழிநெடுகிலும் சவுக்குத் தோப்புகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கும் சென்னப்பட்டணத்து அடுப்புகளுக்கும் விறகு வேண்டி இக்கரை முழுதும் சவுக்கு பரவியது. பக்கிங்காம் கால்வாயின் படகுகள் அவ்விறகைச் சுமந்தன. விறகு விளைய நிலம் வேண்டுமே! கரையோரக் காடு பெரும்பாலும் அவ்வாறும், முந்திரிக்கும் வயலுக்கும் வழிவிட்டும் மறைந்தது.

மறையாமல் எஞ்சியது அய்யனாரின் சந்நிதியில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்து கீழ்ப்புத்துப்பட்டில் இறங்கினால், மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சூழ்ந்து நிற்கும் காட்டினுள், நண்பகலிலும் கண் பழகச் சற்று நேரமாகின்றது. ஹோ பள்ளத்தாக்கின் விண்முட்டும் மரங்களை இங்கே எதிர்பார்க்கலாகாது. வீரையும் காயாவும் அடர்ந்து, பனைமரத்துக்கும் தாழ்வாகவே கூரை கட்டுகின்றன; கொடிகள் அக்கூரையைத் தைத்து மூடுகின்றன; புறத்தே வெயில் கொளுத்துகையில் உள்ளே நிலம் குளிர்கின்றது. 1936இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன் என்பவர் இதற்கெனத் தனியிடம் ஒதுக்கினார். இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரகசியம் விளங்கும்: சிறியது, தடித்தது, மெழுகு பூசினாற்போல் மினுமினுப்பது, நீரை எளிதில் வெளியே விடாதது. மரம் மெல்ல வளர்கின்றது, வைரம் பாய்கின்றது, வேரை ஆழமாய் இறக்குகின்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழையை, அதுவும் சில வாரப் புயல்களில் கொட்டித்தீரும் மழையைக் கொண்டு, பன்னிரண்டு மாதமும் பச்சையாய் நிற்கும் இந்தச் சிக்கனத்தைத்தான் நான் மழைக்காட்டின் செழிப்பைவிட உயர்வாக மதிக்கிறேன்.

சுள்ளி ஒடித்தால் அய்யனார் பொறுக்கமாட்டார் என்ற அச்சம் அரசாங்கச் சட்டத்தைக் காட்டிலும் நீண்ட காலம் இதைக் காத்திருக்கின்றது. அவ்வச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர், அது இல்லாத இடங்களில் காடு என்ன ஆயிற்று என்பதை வழியெல்லாம் கண்டுகொண்டே வரலாம். ஆயினும் இப்பகுதிக் கோயில்கள் பெரிதாகும்தோறும், மண்டபத்துக்கும் வாகனம் நிறுத்தவும் இடம் தேடி, காட்டின் ஓரம் சிறிது சிறிதாகத் தேய்வதையும் சொல்லாமலிருக்க இயலாது. தெய்வத்துக்குச் செய்யும் திருப்பணி தெய்வத்தின் காட்டைக் குறைப்பதாயிருக்கலாமா?

காட்டின் விளிம்பில், பறவைகள் கொத்திப்போட்ட நாவற்கொட்டைகள் மணலில் சிதறியிருந்தன. நண்பர் அங்கிருந்த பூசாரியிடம் போய், திருவண்ணாமலையில் மலைமேல் நடுவதற்கு என்று விண்ணப்பித்துக்கொண்டார். “கீழே கெடக்கறத எடுத்துக்குங்க ஐயா. கெளையில மட்டும் கை வெக்காதீங்க” என்று விடை வந்தது. துணிப்பையில் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு, கிழக்கே சிறிது தூரத்திலிருந்த கடலில் கால் நனைத்துவிட்டு, மாலைப் பேருந்துக்கு விரைந்தோம். நாவல் விதை உலர்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும், நாள் கடத்தலாகாது. திங்கட்கிழமை காலையில், செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்பிய பைகளில் அவற்றை ஊன்றினோம். வரும் ஆண்டு ஐப்பசி மழைக்குள் அவை மலையேறத் தயாராகுமென்று நண்பர் கணக்கிடுகிறார். அதுவரை தண்ணீர் ஊற்றும் முறையில் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கியிருக்கிறார்.