தெளிஞ்சப்புறம் போன் பண்ணு!

அமெரிக்காவில் விளையும் அரிசியில் ஏறக்குறைய பாதி ஆர்கன்ஸா என்ற ஒரே மாநிலத்தில் விளைகிறது. அங்கேயும் டெல்டா உண்டு. காவிரிக்குப் பதில் மிசிசிப்பி. மேட்டூரைத் திறப்பாங்களா மாட்டாங்களா என்று ஜூன் 12-ந் தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய தலையெழுத்து மட்டும் அவர்களுக்கு இல்லை.

அந்த ஆர்கன்ஸாவின் தலைநகரம் லிட்டில் ராக். அங்கே 1995-ல் கிளம்பிய ராக் குழு எவனெசன்ஸ். (பேரைச் சொல்லிப் பழகுவதற்குள் பாட்டே முடிந்துவிடும்.) பாடுவதும் பியானோ வாசிப்பதும் ஏமி லீ என்ற பெண். பத்திரிகைக்காரர்கள் இவர்களை 'நு மெட்டல்' என்ற டப்பாவில் போட்டு மூடினார்கள். நு மெட்டல் என்றால் வேறொன்றுமில்லை. கிட்டார் தந்தியைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கி உறும விடுவது, நடுவில் ராப் பாணியில் திட்டித் தீர்ப்பது. கார்ன், லிம்ப் பிஸ்கிட் என்று அநேகமாக எல்லாம் ஆம்பளைக் குழுக்கள். எவனெசன்ஸின் முதல் ஹிட்டிலேயே ஓர் ஆண் குரல் இருந்தே தீரவேண்டும் என்று ரெக்கார்டு கம்பெனி பிடிவாதம் பிடித்துச் சேர்த்தது. 2003-ல் வந்த அந்த ஆல்பம் கோடிக்கு மேல் விற்றது. மறு வருஷம் இரண்டு கிராமி விருது.

நான் சொல்ல வந்தது 2006-ல் வந்த பாட்டு. 'கால் மீ வென் யூ ஆர் சோபர்.' தஞ்சாவூர்த் தமிழில், 'தெளிஞ்சப்புறம் போன் பண்ணு.'

கதை ரொம்பச் சின்னது. ஷான் மார்கன் என்று இன்னொரு பாடகர், சீத்தர் என்ற குழுவின் தலைவர். ஏமி லீக்கும் இவருக்கும் காதல். 2004-ல் இரண்டு பேரும் ஜோடியாகப் பாடிய பாட்டு ஹிட்டானது. அப்புறம் குடி, தகராறு, பிரிவு. இரண்டே வருஷத்தில், கூடப் பாடினவரைப் பற்றியே தனியாக ஒரு பாட்டு! யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டபோது மழுப்பாமல் பேரையும் சொன்னார். அதே ஆகஸ்டில் மார்கன் போதைப்பழக்கத்துக்குச் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார். பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 10-ஆம் இடம் வரை ஏறியது. (அடுத்த வருஷம் ஏமி லீ கல்யாணம் செய்துகொண்டது ஒரு மனநல ஆலோசகரை. விவரமான பெண்!)

யூடியூபில் கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் பியானோவும் குரலும்தான், சத்தமே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னபிறகு கிட்டார்கள் இடிபோல் இறங்கும். நம்ம கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டுவது எதற்கு? தாலி கட்டும் நேரத்தில் வேண்டாத சொல் யார் காதிலும் விழக்கூடாது என்பதற்கு. இது நேர் தலைகீழ். வேண்டாத சொல் காதில் விழுந்தபிறகுதான் மேளம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது தமிழ் வாத்தியார். குறிஞ்சிக்குக் கூடல், பாலைக்குப் பிரிவு என்று பிரித்துக் கொடுத்த நம் முன்னோர், வயலும் வயல் சார்ந்த மருதத்துக்கு, அதாவது சாட்சாத் நம்ம ஊருக்கு, எதைக் கொடுத்தார்கள்? ஊடல்! புருஷன் பெண்டாட்டி சண்டை. நேரம் எது? வைகறை. ஐயா ராத்திரியெல்லாம் பரத்தை வீட்டில் இருந்துவிட்டு விடிகிற நேரத்தில் வருவார். நேரே வந்தால் உதை விழும் என்று பாணனைத் தூது விடுவார். தோழி வாசலிலேயே மறிப்பாள். இதற்கு 'வாயில் மறுத்தல்' என்றே பெயர். ஐங்குறுநூற்றில் முதல் நூறு பாட்டு, ஓரம்போகியார் பாடியது, முழுக்க மருதம். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சை விஜயராகவ நாயக்கர் சபையில் மதிக்கப்பட்ட க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களிலும் இதே வழக்குதான். நாயகி வாசலில் நிற்பாள், நாயகன் முழிப்பான்.

நடுவில் எங்கேயோ பாட்டு கைமாறிவிட்டது. 2011 நவம்பரில் உலகமே பாடிய 'ஒய் திஸ் கொலவெறி' உட்பட, நம் சினிமாவில் கையில் கிளாஸோடு புலம்புகிற வேலையைப் பையன்களே மொத்தக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவள் போய்விட்டாள், போய்விட்டாள் என்று ஒரே அழுகை. எதற்குப் போனாள் என்று ஒரு பாட்டாவது கேட்கிறதா? நான் பி.காம். படித்தவன். பற்று மட்டும் எழுதி வரவு எழுதாத பேரேடு எனக்கு உறுத்தும்.

என் சிநேகிதன் ஒருவன், கும்பகோணம் பக்கம். பேர் வேண்டாம். வேலையில் கெட்டி, ஆறு மணிக்கு மேல் ஆளே வேறு. அவன் மனைவி பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு திருவையாற்றுக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இவன் தினம் ராத்திரி பத்து மணிக்குமேல் போன், ஒரே நாளில் பதினான்கு தடவை. எடுக்கவில்லை. "மாப்ளே, நீ போய்ப் பேசுடா, நீ சொன்னா கேப்பா" என்றான். ஆக, 21-ஆம் நூற்றாண்டின் பாணன் நான்தான். பஸ்ஸில் போனேன்.

தோழி யாரும் மறிக்கவில்லை. அவளே காபி கொண்டுவந்து வைத்தாள். நான் தயார் பண்ணிக்கொண்டு போன வசனத்தில் பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

"அண்ணே, பேச மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. காலைல ஆறு மணிக்குப் பண்ணச் சொல்லுங்க. போனைத் தலைமாட்டுலயேதான் வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான். அழுகை இல்லை, சாபம் இல்லை. நேரம் மட்டும் சொன்னாள். 'தெளிஞ்சப்புறம்' பாட்டு வந்த ஆல்பத்துக்கு ஏமி லீ வைத்த பேரும் 'தி ஓப்பன் டோர்'. திறந்த கதவு.

சேதியைச் சொன்னதும் சிநேகிதன் சிரித்தான். "ஆறு மணிக்கா? நான் எங்கடா ஆறு மணிக்கு..." என்றவன் பாதியிலேயே நிறுத்திவிட்டான். மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை 6.10-க்குப் பண்ணியிருக்கிறான். முதல் மணியிலேயே எடுத்தாளாம். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நடுவில் பெண் எழுந்து போனைப் பிடுங்கிக்கொண்டது என்று மட்டும் சொன்னான்.

அவள் இன்னும் வரவில்லை. இவன் வாரத்தில் நாலைந்து காலை பண்ணிவிடுகிறான். தவறுகிற நாட்களில் ராத்திரி பத்தரைக்கு என் போன் அடிக்கும். காலையில் பேசிக்கலாம்டா என்று நானும் வைத்துவிடுகிறேன்.