அப்பாவின் மந்திர நோட்டும் அம்மாவின் கோலமும்



நாளை ஆடிப் பதினெட்டு. 1994-இல் இதே ஆடிப்பெருக்கு அன்று நான் ஒரு பொய் சொன்னேன். அண்ணனும் அண்ணியும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பா விவசாயி. ஊரில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. குழந்தைக்குப் பயந்த கோளாறு, மாட்டுக்கு நோய், தேள்கடி என்று வருபவர்களுக்கு மந்திரித்து விபூதி கொடுப்பார். காசு வாங்க மாட்டார். அவர் குருவிடம் கேட்டு எழுதிய மந்திரங்களும் சக்கரங்களும் ஒரு நோட்டில் இருந்தன. கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற நீள நோட்டு. மஞ்சள் துணியில் சுற்றி சாமி மாடத்தில் இருக்கும். பெண்கள் தொடக்கூடாது. அம்மா மாடத்தைத் துடைக்கும்போதுகூட அப்பாவைக் கூப்பிட்டு அதை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் துடைப்பார்.

அமாவாசை கழிந்த ஓய்வு நாட்களில் அப்பா திண்ணையில் உட்கார்ந்து அந்த நோட்டுக்கு வண்ணம் தீட்டுவார். நான் தள்ளி நின்று பார்ப்பேன். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்திச் சிவப்பு. அவரை இலையைக் கசக்கினால் பச்சை. துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம். விளக்குப் புகைக் கரியை வேப்பம்பிசின் தண்ணீரில் குழைத்தால் கறுப்பு. தென்னை ஈர்க்குதான் தூரிகை. ஒரு பக்கத்துக்கு நாலு நாள்கூட ஆகும்.

ஒருமுறை கேட்டேன், "எழுத்த ஏன்ப்பா கலர்ல எழுதல?"

"எழுத்து குரு கொடுத்தது பாப்பா. அதுல ஒரு புள்ளி கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமை இல்ல. ஓரம்தான் என்னோடது" என்றார்.

அப்போது எனக்கு அது புரியவில்லை.

அப்பா போனது 1994 சித்திரையில். கடைசி வாரத்தில் என்னிடம், "இத வச்சுக்கிட்டு யாரும் வேஷம் போடக்கூடாது. ஆடிப்பெருக்குல ஆத்துல விட்டுடும்மா" என்றார். நம் பக்கத்தில் இது புதிதல்ல. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கத்தை உ.வே.சா. வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அண்ணன் வெளியூரில் வேலையில் இருந்ததால் பொறுப்பு என்னுடையது ஆயிற்று.

முதல் நாள் இரவு துணியைப் பிரித்தேன். அப்போது நான் 15 வருஷ அனுபவமுள்ள வாத்தியாரம்மா, மூடநம்பிக்கை பற்றி வகுப்பில் முழங்கியவள். ஆனாலும் கை நடுங்கியது.

முதல் பக்கம் அறுகோணச் சக்கரம். ஆறு முனையில் 'சரவணபவ', நடுவில் ஓம். அடுத்து 25 கட்டத்தில் 'நமசிவய'. எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் ஒரே எழுத்து இருமுறை வராது. இன்று நீங்கள் செய்தித்தாளில் போடும் சுடோகுவில் உள்ள அதே கட்டுப்பாடு. ஆவடுதுறையோடு சேர்த்துப் பேசப்படும் திருமூலர், நான்காம் தந்திரத்தில் இப்படிப்பட்ட சக்கரங்களைப் பாடியிருக்கிறார். அதன் பிறகு குபேரக் கட்டம்: 27, 20, 25; 22, 24, 26; 23, 28, 21. எந்தப் பக்கம் கூட்டினாலும் 72. ஆறாம் வகுப்பில் மாயச் சதுரம் என்று நான் உங்களுக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனின் கணித நோட்டிலும் முதல் அத்தியாயம் மாயச் சதுரம்தான். அந்த நோட்டுகளை 1957-இல் டாடா ஆராய்ச்சி நிறுவனம் அவர் கையெழுத்திலேயே படமெடுத்து அச்சிட்டது.

அம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. நோட்டைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு விரலை நீட்டி, பக்கத்தின் ஓரத்தில் ஓடிய சிக்குக் கோலத்தைக் காற்றிலேயே வளைத்து வளைத்துப் போட்டார்.

"இது நம்ம வாசக் கோலம்டி. நீ பொறந்த வருஷம் மார்கழில போட்டது. இந்த எடத்துல நான் ஒரு இழை தப்பா வளைச்சுட்டேன். பாரு, அதையும் அப்படியே போட்டிருக்கார்."

பக்கம் பக்கமாகத் திருப்பினேன். எல்லா ஓரத்திலும் அம்மாவின் கோலம். பொங்கலுக்குப் போட்டது, கார்த்திகைக்குப் போட்டது, அண்ணன் கல்யாணத்துக்குப் போட்டது. காலையில் வாசலில் பார்த்ததைக் கண்ணில் வைத்திருந்து, சாயங்காலம் நோட்டில் இறக்கியிருக்கிறார். எந்த நோட்டைத் தொடக்கூடாது என்று அம்மாவுக்குச் சொன்னாரோ, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் அம்மாதான் இருந்தார். அவரிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரே ஒரு பக்கத்தில் பூவும் இல்லை, கோலமும் இல்லை. அது பாம்புக்கடிப் பக்கம். உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும், நான் ஆறாவது படிக்கும்போது தை அறுவடையில் ஒருவரைப் பாம்பு கடித்து எங்கள் வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். விடிய விடிய அப்பா மந்திரித்தார். விடியும்போது அவர் இல்லை. அதன் பிறகு அப்பா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அந்தப் பக்கத்தில் மந்திரத்தின் குறுக்கே கோடு போட்டு, கீழே கரிமையில் எழுதியிருந்தார்: "கடித்தால் உடனே வண்டி கட்டு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. மந்திரம் வேண்டுமானால் வழியில் சொல்லிக்கொள்." குரு கொடுத்த எழுத்தில் அவர் கைவைத்த ஒரே இடம் அதுதான்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆத்துல விடாதடி. என் கோலமெல்லாம் மறுநாள் காலைலயே தண்ணி தெளிச்சுப் போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்" என்றார்.

மறுநாள் குடமுருட்டிப் படித்துறையில் ஒரு மஞ்சள் துணியை ஆற்றில் விட்டேன். அதற்குள் இருந்தது என் பழைய பாடக்குறிப்பு நோட்டு. அண்ணனிடம் "விட்டாச்சு" என்றேன். அம்மா 2011-இல் போகும்வரை மார்கழிக்கு ஒருமுறை நோட்டைப் பிரித்து இருவரும் பார்ப்போம். அப்போதும் அம்மா அதைத் தொட்டதில்லை.

சரஸ்வதி மகாலுக்கு உங்களை அழைத்துப்போனபோது, யானை, குதிரை வைத்தியச் சுவடிகளில் உள்ள வண்ணப் படங்களைப் பற்றிச் சொன்னேன், நினைவிருக்கிறதா? பனையோலையில் எழுத்தாணியால் கீறிக் கரி தடவுவதைப் பற்றியும் சொன்னேன். இரண்டாம் சரபோஜி மன்னர் சேர்த்து வைத்ததைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். என் டிரங்குப் பெட்டியில் இருந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்னொரு குற்றமும் மனதில் இருக்கிறது. கணக்கு நோட்டின் ஓரத்தில் பூ வரைந்தாள் என்று ஒரு பெண்ணின் பக்கத்தைக் கிழித்து, மறுபடி எழுதச் சொன்னேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகு செய்த காரியம் அது. இன்று அவளுக்கே பெரிய பெண் இருப்பாள். படித்தால் மன்னித்துவிடு கண்ணு. கணக்கு புத்தகத்தினுடையது, ஓரம்தான் உன்னுடையது.

அண்ணா, நாளை ஆற்றுக்குப் போகும்போது நோட்டை எடுத்து வரமாட்டேன். முடிந்தால் நீங்களும் அண்ணியும் மதியம் வீட்டுக்கு வாருங்கள். சித்ரான்னம் செய்கிறேன். உங்கள் கல்யாணக் கோலம் நோட்டில் எந்தப் பக்கம் என்று காட்டுகிறேன். மந்திரங்களை யாருக்கும் காட்டப் போவதில்லை, அது அப்பாவின் சொல். அவற்றை வெள்ளைத் தாளால் மூடிவிட்டு ஓரங்களை மட்டும் பேத்தி படமெடுக்கப் போகிறாள். வேண்டியவர்கள் வாசலில் போட்டுப் பாருங்கள். அந்தத் தப்பான இழையைத் திருத்தாமல் போடுங்கள்.

பாம்புக்கடிப் பக்கத்தை மட்டும் முழுசாகவே போடுகிறேன். அதை எல்லோரும் படிக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஆடிப்பெருக்கு வாழ்த்துகள். காவிரி நிறைந்து ஓடட்டும்.