நேத்து டைட் பண்ண நட்

"டைட் பண்ணிட்டியாடா?" என்று கேட்டான். "பண்ணிட்டேன்" என்றேன். பொய் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பண்ணியிருந்தேன்.

இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். கல்லூரி மைதானத்தில், நாங்களே பால்சா மரத்தை ஒட்டிச் செய்த மாதிரி விமானம். மூக்கில் ஒரு குளோ இன்ஜின். அதில் 10 அங்குல விட்டமுள்ள மர ப்ரொப்பெல்லர். நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடினால் அதன் நுனி மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில் போகும். இந்தக் கணக்கை அப்போதே போட்டிருந்தேன், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்காக.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. எரிபொருளைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று என் ரூம்மேட் முன்பக்கமிருந்தே கை நீட்டி நீடில் வால்வைத் திருகினான். சத்தம் ஏறியது. திடீரென்று 'டக்'. நட் எங்கே போனதென்று இன்று வரை தெரியாது. ப்ரொப்பெல்லர் அவன் முன்கையைக் கிழித்துக்கொண்டு புல்லில் போய் விழுந்தது. பன்னிரண்டு தையல்.

"அந்த ப்ரொப்பெல்லரே டிஃபெக்ட் பீஸ்" என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

ஒர்க்‌ஷாப் மாஸ்டர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்ஜின் ஒழுங்காக ஓடும்போது காற்றின் எதிர்ப்பு நட்டை இறுக்கத்தான் பார்க்கும். எரிபொருள் ரொம்பக் குறைந்து, நேரத்துக்கு முன்பே வெடித்தால் ஷாஃப்ட் ஒரு கணம் தடுமாறும். ப்ரொப்பெல்லரோ தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுவே நட்டைக் கழற்றிவிடும். "அதுவும் இது மரம்ப்பா. வாஷருக்கு அடியில அமுங்கும், வெயில்ல காய்ஞ்சா சுருங்கும். நேத்து டைட் பண்ணது நேத்தோட சரி."

பிறகு செய்து காட்டினார். பிளையர் வேண்டாம், அளவான ஸ்பேனர். முதல் நட்டின்மேல் இன்னொரு நட், பூட்டு மாதிரி. அன்றன்றைக்கு முதல் தடவை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் மறுபடி ஒரு இறுக்கு. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பின்னால் வந்து நின்றுதான் வால்வைத் தொட வேண்டும். ப்ரொப்பெல்லருக்கு முன்னாலோ அது சுற்றும் கோட்டிலோ யாரும் நிற்கக்கூடாது.

இப்போது சாஃப்ட்வேர் வேலை. "நேத்து டெஸ்ட் பண்ணேனே" என்று டீமில் யாராவது சொன்னால் எனக்கு அந்த 'டக்' கேட்கும்.

போன வருடம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் அந்தத் தழும்பை விரலால் தடவிக்கொண்டே, "அப்பாவை ப்ளேன் கடிச்சிடுச்சு, அங்கிள்" என்றாள். அவள் தூங்கிய பிறகு சொல்லிவிட்டேன்: அன்றைக்குக் காலையில் நான் நட்டைத் தொடவே இல்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "தெரியும்டா. ஸ்பேனர் என் காலடியிலதான் கிடந்துச்சு. நீ பண்ணிட்டேன்னு சொன்னதும் நானும் எடுக்கல."