வலது கிளிக்கில் ஒரு கோப்புறை

மூதூர்ப் பக்கத்தில் காணி உறுதி என்றால் அதற்கொரு தனி மரியாதை. 2004இல் கடல் வந்தது; 2006இல் சண்டை வந்தது. சம்பூரிலிருந்து உடுத்த உடுப்போடும் ஒரு பையோடும் ஓடியவர்களில் பலர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். 2015, 2016இல் காணிகள் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பும்வரை, பையில் பத்திரமாக இருந்த கடதாசிதான் பலருக்குத் துணை.

இன்று அந்தக் கடதாசியை ஸ்கேன் செய்து கிளவுட்டில் போட்டு வைக்கலாம். கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம். ஒரு குடும்பத்தின் உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு எல்லாம் போட்டாலும் அதில் ஒரு மூலைகூட நிரம்பாது. ஆனாலும் போடுகிறவர்கள் குறைவு. ஸ்கேன் செய்த கோப்பு டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். பிரவுசரைத் திறந்து, கடவுச்சொல் கொடுத்து, கோப்புறையைத் தேடி ஏற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? சோம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை. வழியைத்தான் சுருக்க வேண்டும்.

விண்டோஸில் அதற்கு ஒரு பழைய வசதி உண்டு: விண்டோஸ் 95 காலத்து ‘சென்ட் டு’ பட்டியல். முதலில் கூகுள் டிரைவ் அல்லது ஒன்டிரைவ் செயலியைக் கணினியில் நிறுவியிருக்க வேண்டும். பிறகு விண்டோஸ் விசையோடு ‘ஆர்’ அழுத்தி, வரும் பெட்டியில் ‘ஷெல்:சென்ட்டு’ என்பதை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்தால் ஒரு கோப்புறை திறக்கும். கிளவுட் கோப்புறைக்கு ஒரு ஷார்ட்கட் செய்து அதற்குள் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அதன்பின் எந்தக் கோப்பிலும் வலது கிளிக் செய்து ‘சென்ட் டு’வுக்குப் போனால் உங்கள் கோப்புறை அங்கே நிற்கும். விண்டோஸ் 11இல் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் இதை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்கே வெளிச்சம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கோப்பும் கிளவுட் கோப்புறையும் ஒரே டிரைவில் இருந்தால் ‘சென்ட் டு’ நகல் எடுக்காது, கோப்பையே நகர்த்திவிடும். ஒன்டிரைவ் பொதுவாக ‘சி’ டிரைவில் இருப்பதால் இப்படித்தான் நடக்கும். கூகுள் டிரைவ் வழக்கமாக ‘ஜி’ என்று தனி டிரைவாகத் தெரிவதால் அங்கே நகல் போகும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு தெரிவுசெய்தால் எங்கும் நகல்தான்.

இணையம் இல்லாத நேரத்திலும் அனுப்பலாம். இணைப்பு வந்ததும் கோப்பு தானாக ஏறும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. கணினியில் அழித்தால் கிளவுட்டிலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் காத்திருக்கும்.

ஸ்கேன் செய்யப் போகும் கடையின் கணினியில் இந்த ஏற்பாடே வேண்டாம். அங்கே உங்கள் கணக்கைத் திறந்து வைப்பது வீட்டுத் திறப்பைக் கடை மேசையில் விட்டுவருவது போல. சொந்தக் கணினியிலும் முதலில் தேவையில்லாத ஒரு கோப்பை அனுப்பிப் பாருங்கள். அது சரியாகப் போய்ச் சேர்ந்தபின் உறுதியை அனுப்புங்கள்.