கேட்டவர்கள் பேசவேண்டும்

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பம் மீனவர்களிடையே ‘பாடு’ என்றொரு மரபு உண்டு. வளமிக்க மீன்பிடி இடங்களில் வலைவிடும் உரிமை அவர்களிடையே முறைவைத்துச் சுழன்று வருகிறது. முறை வந்தவர் எவரிடமும் கெஞ்சாமல் ஏரியில் இறங்குகிறார்.

அத்தகைய கரையில் பிறந்த பிள்ளை பிழைப்பை நாடி நகரத்து ஓட்டலில் சேர்ந்தால், அங்கே அவனுக்கு முறை ஏது, உரிமை ஏது? கண்ணாடித் தம்ளர் ஒன்று கைதவறினால் கல்லாவிலிருந்து வசைமாரி பொழிகிறது. சில இடங்களில் கையும் நீள்கிறது. அவன் வாய்திறவாமைக்குக் காரணம் கோழைத்தனமன்று. கூலி, மூன்று வேளைச் சோறு, இரவில் தலைசாய்க்கும் இடம் ஆகிய மூன்றும் ஒரே முதலாளியின் கையில் இருக்கின்றன. எதிர்த்து ஒரு சொல் சொன்னால் மூன்றும் ஒருசேரப் போய்விடும். கடல் கடந்தோர் நிலை இன்னும் கடினம். கத்தாரில் வேலை மாறுவதற்கே முதலாளியின் இசைவு தேவைப்பட்டது. 2020ஆம் ஆண்டில்தான் அவ்விதி நீக்கப்பெற்றது.

சட்டம் இல்லாமலில்லை. ஓட்டல் தொழிலாளரின் வேலை நேரத்திற்கும் ஓய்விற்கும் 1958ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் தனிச்சட்டம் வரம்பு கட்டியது. 14 வயதுக்குட்பட்ட சிறுவரை ஓட்டல்களிலும் தேநீர்க் கடைகளிலும் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரில் தடைசெய்யப்பெற்றது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையை விசாரிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 10 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் சிறு கடையாயினும் மாவட்டத்திலுள்ள குழுவிடம் முறையிடலாம். ஆயினும், சட்டம் முறையீட்டை எதிர்பார்த்து நிற்கிறது. முறையிட வேண்டியவரோ அஞ்சி நிற்கிறார். இவ்விரண்டிற்கும் இடையே, பிரியாணித் தட்டின்மீது தலைகுனிந்து அமர்ந்திருப்பவர்கள் நாம்.

அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் ஒருமுறை தம் அடிமையைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. சினத்தின் வேகத்தில் அது யார் குரலென்றே அவர்களுக்கு விளங்கவில்லை. அருகில் வந்தவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அந்த எளியவன்மீது உமக்குள்ள வலிமையைவிட உம்மீது இறைவனுக்குள்ள வலிமை பெரிது என்று உணர்த்தினார்கள். சாட்டை கீழே விழுந்தது. அடிமை விடுதலை பெற்றான்.  கண்டவர்களே பேசினார்கள்.

நாமும் வழிப்போக்கர்களாகவே ஓட்டலுக்குள் நுழைகிறோம். நம் சோறும் படுக்கையும் அந்த முதலாளியின் கையில் இல்லை. ஆதலின், பேசுவதால் நாம் இழப்பது ஒன்றுமில்லை. காசு கொடுக்கும்போது கல்லாவின்முன் நின்று, “பாய், அந்தத் தம்பியை அப்படி ஏசாதீர்கள்” என்று தணிந்த குரலில் சொல்லலாம். அதன்பின்னும் திருந்தாராயின் ஜமாஅத்துப் பெரியவர்களிடம் சொல்லலாம். தொழிலாளர் அலுவலகத்திற்கு மனு எழுதத் துணைநிற்கலாம். கூலியைக் காலத்தே கொடுக்கச் சொன்ன மார்க்கம், கூலிக்காரனின் மானத்தைக் கடைத்தெருவில் விற்க அனுமதிக்கவில்லை.